இவரை எனக்குத் தெரியும்

அவர் பேரை நான் இங்கே எழுதப் போறதில்லை. மரியாதைன்னு நெனச்சுக்காதீங்க. பேர்ங்கிறது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "பேரு அப்பன் வெச்சது நைனா, நடை அவனவன் வெச்சுக்கினது. நான் நடையத்தான் பாப்பேன்" என்பார். சொல்லிட்டு மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு ரோட்டைப் பார்ப்பார். படிக்கத்தான் அவருக்குக் கண்ணாடி வேணும். மனுஷனைப் பார்க்க வேணாம்.

ஆளாளுக்கு ப்ளாக் எழுதின காலம் ஒண்ணு இருந்ததே, ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்கில், அப்போ தெரிஞ்சவர். தமிழ்ல டைப் அடிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் அன்னைக்கு எழுத்தாளன். நானும் ஆனேன். பகல்ல ராயபுரத்துல ஒரு கிளியரிங் ஏஜென்சியில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஷிப்பிங் பில் அடிப்பேன். சாயங்காலம் திருவொற்றியூர் ஹைரோட்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து எங்க ஏரியாவைப் பத்தி அடிப்பேன். புனைபேர்லதான். தங்கியிருந்தது அக்கா வீட்ல, தின்னது அக்கா வீட்டுச் சோறு, எழுதினதும் பாதி அந்த வீட்டுக் கதை. அப்போ அதெல்லாம் உறைக்கலை.

என்ன எழுதினாலும் கீழே "அருமை", "கலக்கல்", "நல்லா இருக்கு நண்பரே"ன்னு நாலு பேர் போடுவாங்க. படிச்சுத்தான் போடறாங்களான்னு எனக்கே சந்தேகம். "பார்த்தவன்"னு ஒருத்தர் மட்டும் நெஜமாவே படிச்சார். ஸ்டேஷன் வாசல்ல கொய்யாப்பழம் விக்கிறவரைப் பத்தி எழுதினேன், பேரையும் பழத்தையும் மாத்தித்தான். மறுநாள் கமெண்ட்: "இவரை எனக்குத் தெரியும். விக்கிறது மாம்பழம் இல்லை, கொய்யா. இடது கை ஆள். — பார்த்தவன்." எனக்கு ஜிவ்வுன்னு ஏறிச்சு. என் எழுத்தைப் படிச்சு ஒரு ஆளை நேர்ல கண்டுபிடிக்க முடியுதுன்னா நான் என்ன சாதாரண ஆளா? அப்படித்தான் நெனச்சேன்.

அடுத்து என்னைக் கண்டுபிடிச்சார்.

ஒரு பதிவுல, நான் உட்கார்ற கேபின் மேல ஓடுற ஃபேன் கிழவி முறுக்கு கடிக்கிற மாதிரி சத்தம் போடுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழிச்சு, அடிச்சுக்கிட்டு இருக்கேன், பின்னாடி திரை விலகுது. அம்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, தோள்ல ரெக்சின் பை. கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினார். ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், அவசரமே இல்லாம, தலையில ஆரம்பிச்சு செருப்பு வரைக்கும்.

"மூணாவது சென்டர்ல கெடச்சிது நைனா" என்றார். "மொத ரெண்டு எடத்துல ஃபேனு ஒயுங்கா ஓடுது."

ஒவ்வொரு சென்டரா போய், காசு கட்டி உட்கார்ந்து, ஃபேன் சத்தம் கேட்டுட்டு எழுந்து வந்திருக்கார். ஒரு ஆளு எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்காரேன்னு நான் உருகிப் போயிட்டேன். அந்தப் பார்வை முதுகுல ஊர்ந்த மாதிரி இருந்ததையும் சொல்லணும். அன்னைக்கு ராத்திரி அதைத் தூசு மாதிரி தட்டி விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் டீக்கடையில சந்திப்போம். எப்பவும் ரோட்டைப் பார்த்த பக்கம்தான் உட்காருவார். கையில வாட்ச் இருக்கும், பார்க்க மாட்டார். "தோ, கறுப்புக் கொடைக்காரம்மா போவுது, ஆறே முக்கால்" என்பார். நான் எட்டி அவர் வாட்சைப் பார்ப்பேன். ஆறே முக்கால்தான். எங்கே வேலைன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, "கேட்டுல நிக்கறேன். ஆயிரம் மூஞ்சி உள்ள போவும், ஆயிரம் மூஞ்சி வெளிய வரும். ஒண்ணு மாறினாலும் எனக்குத் தெரிஞ்சுடும். இருவத்தாறு வருஷத்துல ஒர்த்தன் என்ன டபாய்ச்சது இல்ல" என்றார். எந்த கேட்டுன்னு நான் கேட்கலை. எண்ணூர் ஹைரோட்ல கேட்டுக்கா பஞ்சம்? ஊரையே உத்துப் பார்த்து எழுதறேன்னு பீத்திக்கிட்டவன் அதைக் கேட்கலை பாருங்க.

வீட்ல பேச ஆள் கிடையாது அவருக்கு. என் பதிவு ஒவ்வொண்ணையும் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணி வெச்சிருந்தார். பஞ்சிங் மெஷின்ல ஓட்டை போட்டு, நாடா கட்டி, தேதிவாரியா. "ஊட்டுக்குப் போனா இத்த எடுத்து வெச்சுகினு ஒக்காந்துருவேன். ஒரு பத்து பேரோட இருந்தா மாதிரி கீது" என்றார். அன்னைக்கு அந்த மனுஷன் மேல எனக்கு வந்த பாசம் பொய்யில்லை. இப்பவும் அந்த ஃபைலை நெனச்சா என்னவோ பண்ணுது.

ஆனா அவருக்குப் படிச்சா மட்டும் போதாது. போய்ப் பார்க்கணும். காசிமேட்டுல எனக்கு மட்டும் கூறுல ரெண்டு மீன் சேர்த்துப் போடற ஒரு அம்மா இருந்தாங்க. காணாமப் போன அவங்க பையன் சாயல்ல நான் இருக்கேனாம். அதை எழுதினேன், பேரை மாத்தி. அடுத்த ஞாயித்துக்கிழமை போனா, கூறுல ரெண்டு மீன் இல்லை. அந்தம்மா என் மூஞ்சியைப் பார்க்கலை.

"ஒரு ஆளு வந்து படிச்சுக் காட்னாரு. எம்புள்ள சேதிய ஊருக்கே எழுதிப் போட்டுக்கீறியாமே?"

"பேரை மாத்தித்தான் எழுதினேன்மா."

"பேர மாத்தி இன்னா பிரயோஜனம்? மூஞ்சிய மாத்தலியே" என்றாங்க.

அவர்கிட்ட சண்டைக்குப் போனேன். "அந்தம்மாவப் பத்தி எழுதினது அந்தம்மாவுக்குத் தெரிய வேணாமா?" என்று திருப்பிக் கேட்டார். கேலியாக் கேட்கலை, நெஜமாவே புரியாமத்தான் கேட்டார். நான் டீயைக் குடிச்சேன். அங்கேயே நிறுத்தியிருக்கணும். சூடு கண்ட பூனைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சு.

இப்போ மாமா கதைக்கு வரேன். அக்கா புருஷன். திருவொற்றியூர் குப்பத்து ஆள், கடல்ல பிறந்து வளர்ந்தவர். கடல்ல வருமானம் கொறஞ்சதும் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். ஆனா அவர் பேர்ல இல்லை, அவர் அண்ணன் பேர்ல. அண்ணன் அந்தக் கம்பெனியில பழைய ஆள். வளைகுடாப் பக்கம் மீன்பிடிக்கப் போனவர் திரும்பி வரலை, கேட் பாஸ் மட்டும் வீட்ல கிடந்தது. புதுசா உள்ளே நுழையறது குதிரைக் கொம்பு. பாஸ்ல ஒட்டியிருக்கிற போட்டோவுல அண்ணனுக்குத் தாடி. மாமாவும் தாடி வளர்த்தார். அண்ணன் தம்பி சாயல்தானே. ஒருத்தரும் கேட்கலை, நாலு வருஷம் ஓடிப் போச்சு.

நாலு வருஷமா அந்த மனுஷன் முகச்சவரம் பண்ண முடியலை. பொண்ணு பொறந்தா அப்பனும் பிள்ளையும் சேர்ந்து மொட்டை போடறதா பெரியபாளையத்துக்கு வேண்டுதல். குழந்தைக்கு மட்டும் மொட்டை அடிச்சாங்க. "ஆத்தா, கேட்டாண்ட போட்டோ கேப்பான், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னு மாமா கோயில்ல நின்னு கும்பிட்டாராம். அந்த வருஷம் பழைய ஆளுங்களை நிரந்தரம் பண்ணப் போறதா பேச்சு வேற. "பர்மனென்ட் ஆனாலும் எங்கண்ணன்தான் மச்சான் ஆவான், நான் ஆவ மாட்டேன்" என்று சிரிப்பார். சிரிச்சாலும் அந்த வீட்ல எல்லார் நம்பிக்கையும் அதுலதான் இருந்தது. அக்கா நம்பிக்கை, ஸ்கூல்ல சேரப் போற குழந்தை, எல்லாம் அந்த ஒரு லாமினேஷன் அட்டை மேலதான். அவர் பயந்த ஒரே ஆள் கேட்டுல நிக்கிற டைம்கீப்பர். "போட்டோக்காரன்"னு பட்டப்பேர் வெச்சிருந்தார். "அந்தாளு பாக்கறது போட்டோ புடிக்கற மாதிரி கீது மச்சான். தெனம் குட் மார்னிங் சொல்லிட்டு, குனிஞ்சுகினே பூந்துருவேன்" என்பார்.

ஒரு தடவை மாமா சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டார்னு அக்கா என்னை அனுப்பினாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிறேன், மாமா கேட்டுக்குள்ள நுழையறார். நுழையறதுக்கு முன்னாடி கேட் இரும்பை வலது கையால தொட்டு ரெண்டு கண்லயும் ஒத்திக்கிட்டார். கடலுக்குப் போறப்போ படகு முனையைத் தொட்டு ஒத்திக்கிறது குப்பத்துல எல்லாருக்கும் பழக்கம். படகு போயும் அந்தக் கை விடலை. ஓடிப் போய் அந்தக் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்தது. கூடவே, அதே நிமிஷம், இதை எழுதணும்னும் தோணிச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், ரெண்டும் சேர்ந்துதான் வந்தது.

எழுதினேன். பாஸ் கதை, தாடி, அந்தக் கை, எல்லாம். உஷாராத்தான் எழுதினேன். மாமாவைச் சித்தப்பா ஆக்கினேன். அண்ணனைப் பெரியப்பா பையன் ஆக்கினேன். திருவொற்றியூரை எடுத்துட்டு பெரம்பூர்ப் பக்கம்னு போட்டேன். எல்லாத்தையும் மாத்தினவன் அந்தக் கை வரியை மட்டும் மாத்தலை. அதை எடுத்துட்டா பதிவுல என்ன இருக்கு? எண்பது கமெண்ட் வந்தது. முக்கால்வாசிப் பேர் அந்த வரியைத்தான் எடுத்து எழுதியிருந்தாங்க. அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தர் அழுதுட்டேன்னு எழுதினார். மூணு நாள் நான் தரையில நடக்கலை.

நாலாவது நாள் அவர் கமெண்ட் வந்தது. "நல்ல பதிவு. எங்கள் கேட்டிலும் ஒருத்தன் இருக்கிறான். இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டுதான் உள்ளே வருவான். நாலு வருஷமாகப் பார்க்கிறேன். தங்கமான பையன். — பார்த்தவன்."

எப்பவும் போடற "இவரை எனக்குத் தெரியும்" அன்னைக்கு இல்லை. திரும்பத் திரும்பப் படிச்சேன். கேட்டுல நிக்கிறவர். ஆயிரம் மூஞ்சி. போட்டோக்காரன். வீட்ல நான் கேட்டுச் சிரிச்ச ஆளும், கடையில என்கூட டீ குடிச்ச ஆளும் ஒருத்தர்தான். என்ன பண்றதுன்னு தெரியாம பதிவையே அழிச்சேன். எண்பது கமெண்டும் போச்சு. அப்பாடான்னு வீட்டுக்குப் போய் சாப்பிட்டேன். மாமாதான் குழம்பு ஊத்தினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் திரையை விலக்கிக்கிட்டு வந்தார். கையில ஃபைல்.

"ஏன் நைனா அழிச்ச?"

"சும்மாதான் சார். நல்லா வரலை."

"அல்லாரும் சோக்கா கீதுன்னு சொல்லிகினு இருந்தாங்களே." ஃபைலைப் பிரிச்சு என் மடியில வெச்சார். அந்தப் பதிவு இருந்தது. கை வரிக்குக் கீழே சிவப்பு மையில கோடு. "நேத்து எனக்கு ஒண்ணும் தோணல. நம்மாளு மாதிரியே இன்னொர்த்தன் கீறான்னு சந்தோசமா எழுதிப் போட்டேன். நீ அழிச்ச பாரு, அப்பதான் தோணிச்சு. ஏன் அழிச்சான்? காலைல கண்ணாடிய ஏத்திகினு பாத்தேன். அண்ணங்காரனுக்கு எடது காலு வெளியால போவும். இவனுக்கு ரெண்டும் நேரா போவுது."

அந்தச் சிவப்புக் கோட்டை விரலால தடவினார். "நாலு வருசம் தாடியப் பாத்துகினு இருந்துட்டேன் நைனா. நடையப் பாக்கல" என்றார். அந்தக் குரல் கோபமா இருந்திருந்தா எனக்குத் தேவலை. யாரோ செத்த வீட்ல பேசற குரல் அது.

நான் உடைஞ்சிட்டேன். "சார், அது எங்க மாமா. அக்கா வீடு சார். சின்னக் குழந்தை இருக்கு. விட்டுடுங்க சார்"னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"நான் சொல்லுவன்னு ஒனக்கு யாரு சொன்னது? எங்கம்மா மேல ஆணை. எவன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன், ஒரு காயிதம் எழுத மாட்டேன்." என் முதுகைத் தட்டினார். எழுந்து திரை வரைக்கும் போனவர், கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுத் திரும்பினார். "அவன் நெஜப் பேரு இன்னா?"

பேர் ஒரு பொருட்டே இல்லைன்னு சொன்ன மனுஷன். தெரிஞ்சுக்கணும்கிற அரிப்புதானே, தெரிஞ்சுட்டா அடங்கிடுவார்னு நெனச்சேன். சத்தியம் பண்ணிட்டாரேன்னு நெனச்சேன். என் வாசகர்னும் நெனச்சேன். சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில வேலைக்குப் போன மாமா பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துட்டார். நான் அன்னைக்கு லீவு. கதவாண்டையே குந்திட்டார்.

"குட் மார்னிங் சொல்லிட்டு பூந்துட்டேன் மச்சான். பத்தடி போயிருப்பேன். பின்னால எம்பேரு. அண்ணன் பேரு இல்ல, எம்பேரு. அந்த கேட்டாண்ட எம்பேரக் கேட்டுப் பயக்கமே இல்லியா, ஊட்ல உங்கக்கா கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிட்டேன்."

திரும்பினப்போ போட்டோக்காரன் நின்னுகிட்டு இருந்தார். அவர் பக்கத்துல செக்யூரிட்டி ஆபீசர். பாஸை வாங்கிக்கிட்டாங்க. ஆள்மாறாட்டம்னு எழுதிக் கையெழுத்து வாங்கி, மாமாவை நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. அந்த வாரத்துக்குள்ள ஹைரோட்ல இருந்த பல கேட்ல அந்தப் போட்டோ ஒட்டியிருந்தது. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி கேட்டும் அவருக்குத் திறக்கலை.

நான் டீக்கடைக்கு ஓடினேன். எப்பவும் போல ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சத்தியம் பண்ணீங்களே சார்" என்றேன்.

"நான் யார்கிட்ட இன்னா சொன்னேன்? கூப்ட்டேன், அவ்ளோதான். திரும்புவானா மாட்டானான்னு பாக்கணும்னு இருந்துச்சு. திரும்பலன்னு வெச்சுக்கோ, அண்ணங்காரன்தான்னு வுட்டுட்டு இருப்பேன்."

"பக்கத்துல ஆபீசர் நின்னுகிட்டு இருந்தாரே?"

"நின்னாரா?" என்று யோசிச்சார். "நான் அவன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்." அப்புறம் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். "அடுத்தது எப்ப எழுதுவ நைனா?"

டீ வர்றதுக்கு முன்னாடி எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் அவரை நான் நேர்ல பார்க்கலை. கறுப்புக் குடை அம்மாவைப் பார்த்தா ஆறே முக்கால்னு தோணும், தெருவை மாத்திப் போவேன்.

மிச்சம் இருக்கிறதுதான் சொல்லக் கூசுது. மாமாவுக்கு ஒரு தோஸ்து. ஒரே குப்பம், ஒரே கம்பெனி, ஒரே சைக்கிள்ல போவாங்க. "உள்ள வேல செய்யறவன்ல எம்பேரு தெரிஞ்சவன் அவன் ஒர்த்தன்தான்" என்றார் மாமா. அன்னைக்குச் சாயங்காலமே கடற்கரைப் பாறையாண்ட வெச்சு அவர் சட்டையைப் பிடிச்சார். கோயில் மேல சத்தியம் பண்ணினார் அந்த ஆளு. மாமா ஓங்கி அறைஞ்சார். குப்பமே பார்த்துக்கிட்டு நின்னுது, நானும் நின்னேன். அறை வாங்கின ஆளு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். சாட்சிக்குக் கூப்பிட்டாரா, சும்மா பார்த்தாரா தெரியாது. நான் குனிஞ்சு செருப்பைப் பார்த்தேன். காட்டிக் கொடுத்தவன்னு குப்பத்துல பேராகி, அவரை ஒருத்தரும் எதுக்கும் கூப்பிடலை. அடுத்த வருஷம் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வள்ளூர்ப் பக்கம் போயிட்டார். மாமா கடல்லயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் போட்டுக்குப் போக ஆரம்பிச்சார், போனா பத்து நாள், பதினஞ்சு நாள். போறதுக்கு முன்னாடி பெரியபாளையம் போய் மொட்டை அடிச்சுட்டு வந்தார். தாடியும் போச்சு. நாலு வருஷத்துக்கப்புறம் அவர் மூஞ்சியைப் பார்த்தேன். வயசாகியிருந்தது.

ப்ளாக்கை நிறுத்திட்டேன். கடைசிப் பதிவுக்குக் கீழே மட்டும் அவர் எழுதிக்கிட்டே இருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று ஒண்ணு. "ஃபைலில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்" என்று ஒண்ணு. ஒரு வருஷம் கழிச்சுக் கடைசியா ஒண்ணு: "வேறு பேரில் எங்கேயோ எழுதுகிறாய். கண்டுபிடித்துவிடுவேன். — பார்த்தவன்." அப்போ நான் எங்கேயும் எழுதலை. ஆனாலும் அந்த மாசம் முழுக்க பஸ்ல உட்கார்ந்தா பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பேன்.

இத்தனை வருஷம் கழிச்சு இப்போ எழுதறேன். இந்தத் தடவை எதையும் மாத்தலை. மாமா மாமாதான், குப்பம் அதே குப்பம், அந்தக் கை அதே கை. மாமா இதைப் படிக்க மாட்டார், படிப்பு வராது. அக்காவும் புஸ்தகம் தொட மாட்டாள். இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை அவங்க வீட்லதான் சாப்பாடு, மாமாதான் மீன் துண்டை என் தட்டுல தள்ளுவார். தோஸ்து பேச்சு வந்தா இன்னைக்கும் காறித் துப்புவார். ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் போறேன். சாப்பிட்டுட்டு வந்துடறேன்.

சார், நீங்க உயிரோட இருந்தா இதைப் படிச்சிருப்பீங்க. யாரு, எவருன்னு உங்களுக்குத் தெரியும். பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேரா குப்பத்துக்குப் போங்க. காசிமேட்டு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டின மாதிரி மாமா முன்னாடி உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க. அப்படியே வள்ளூர் போய் அந்த ஆளுக்கும். பேரைச் சொன்னது நான்னு சொல்லுங்க.